நத்தைக் கட்சியின் நாற்காலி

"இதோ, இங்க மூச்சு விடுது பாருங்க," என்று டியூபைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கியபடி சொல்கிறார் எபோ பென்ட்சில். ஓட்டை கிடைத்துவிட்டது. வேறு எந்தப் பஞ்சர் கடைக்காரராக இருந்தாலும் துடைத்து, தேய்த்து, ஒட்டி அனுப்பிவிடுவார். இவர் மாட்டார். மீதி டியூபையும் ஒரு முழுச் சுற்று தண்ணீருக்குள் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ட்ரோட்ரோ வேனுக்குள் பதினைந்து பயணிகள் புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்கிறார். "அண்ணே, ஒரே ஓட்டைதாண்ணே. ஆணியை நானே புடுங்கினேன்." எபோ தலை நிமிர்வதில்லை. "நீ புடுங்கினது ஒண்ணு. நீ பாக்காதது எத்தனைன்னு தண்ணிதான் சொல்லணும்," என்று டியூபைத் திருப்புகிறார்.

அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட் போகும் நெடுஞ்சாலை எங்கள் அமிசாக்ரோமுக்குள் நுழையாமல் ஒரு வளைவில் ஒதுங்கிப் போய்விடும். அந்த வளைவில், பாதாம் மரத்தடியில் அவர் கடை. ஒரு கம்ப்ரஸர், ஒரு தொட்டி, அடுக்கிவைத்த பழைய டயர்கள் ஆறு. மேல் டயர்தான் வாடிக்கையாளருக்கு ஆசனம். வயது ஐம்பத்து நான்கு, ஒல்லி உடம்பு, கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. அதில் கிரீஸ் படாமல் எப்படி வேலை செய்கிறார் என்பது அவர் மனைவி அராபாவுக்கே விளங்காத ரகசியம். வேலைக்கு நடுவில் மெதடிஸ்ட் சபைப் பாடல்களை முணுமுணுப்பார். பாடகர் குழுவில் அவருக்குக் கீழ்க்குரல். அதனால் கீழ்க்குரல் பாடுவதை மட்டும்தான் முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்பவருக்கு அது எந்தப் பாட்டு என்று கடைசிவரை பிடிபடாது. கேட்டால், "மேல உள்ளதை நீ பாடு, தானா சேந்துக்கும்," என்பார்.

இந்த அளவுக்குக் கிறுக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவரிடம் உண்டு. அதற்காக நான் பேனா எடுக்கவில்லை. எபோ பென்ட்சில் நத்தைக் கட்சிக்காரர். அதுதான் விஷயம்.

நங்கூரக் கட்சி ஒன்று, கோகோக் காய்க் கட்சி ஒன்று. எங்கள் ஊர் பிறக்கும்போதே இந்த இரண்டில் ஒன்றில் பிறந்துவிடும். நங்கூரம் ஆட்சியில் இருந்தால் கோகோக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள், கோகோ வந்தால் நங்கூரக்காரர்கள். இதற்கு நடுவில் நத்தை என்று ஒரு கட்சி இருப்பது வாக்குச்சீட்டைப் பார்க்கும்போதுதான் பலருக்கு ஞாபகம் வரும். சீட்டின் அடியில், ஆறாவது கட்டத்தில், கூட்டைச் சுமந்தபடி அது உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு நத்தை என்றால் மிளகாய் போட்ட குழம்பு. "குழம்புக்கு ஓட்டுப் போடச் சொல்றாரே மனுஷன்," என்று சிரிப்பார்கள். எபோவுக்குக் கோபம் வராது. "நத்தைக்குப் பின்னாடி போகத் தெரியாது. அது மாதிரி ஒரு கட்சியைக் காட்டு, நாளைக்கே மாறிடறேன்," என்பார். யாராலும் காட்ட முடிந்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் நத்தைக்கு முதல் தேர்தலில் நாலு ஓட்டு. அடுத்ததில் பதினொன்று. அந்தப் பதினொன்று வந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். எபோ ஏழு நாளைக்கு எல்லாருக்கும் இலவசமாகக் காற்று அடித்தார். சைக்கிள், தள்ளுவண்டி, போலீஸ் ஜீப், எதுவானாலும் சரி. "யாரு அந்தப் பதினோரு பேருன்னு நான் கேக்கக் கூடாது. ரகசிய ஓட்டு. அதனால ஊர் முழுக்க அடிச்சுட்டா அவங்களுக்கும் போய்ச் சேந்துரும்ல," என்றார். எனக்குத் தெரிந்து அந்த வாரம் காற்று அடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் அவரைக் கேலி செய்தவர்கள். மூன்றாவது தேர்தலில் மூன்று ஓட்டு. அதற்கு அவர் ஒன்றும் அடிக்கவில்லை, ஆனால் முகமும் வாடவில்லை.

ஓட்டு எத்தனை விழுந்தாலும் அவருக்கு நாற்காலி உண்டு. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடியில் கட்சிக்கு ஒரு பூத் ஏஜெண்டு உட்காருவார். சில்லறைக் கட்சிகள் ஆள் அனுப்புவதில்லை. நங்கூரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கோகோவுக்கு ஒன்று, நத்தைக்கு ஒன்று. மூன்றும் ஒரே உயரம், ஒரே நீலம். நாடாளுமன்றத்தில் நத்தைக்கு ஒரு மூலைகூடக் கிடையாது. எங்கள் பள்ளி வராண்டாவில் மட்டும் அது சரிசமமாக உட்கார்ந்திருக்கும். அன்று எபோ கடையைச் சாத்திவிட்டு, கழுத்தில் புகைப்பட அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, விடிவதற்குள் வந்துவிடுவார். காலிப் பெட்டியைத் தலைமை அதிகாரி தூக்கிக் காட்டும்போது மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். எபோ எழுந்துபோய் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பார். பெட்டி கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரிகிற பிளாஸ்டிக். இருந்தாலும் தட்டுவார்.

"அதுக்குள்ள என்ன இருக்கும்னு தட்டுற? உன் நத்தை ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்பவர் எக்குவா தாண்டோ. நங்கூரக் கட்சியின் பெண் ஏஜெண்டு. கடற்கரையில் மீன் புகைபோடும் கூடம் வைத்திருக்கிறார். குரல் கடலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும். நான்கு தேர்தலாக எபோவுக்குப் பக்கத்து நாற்காலி இவருக்குத்தான். பெரிய கட்சிகள் தங்கள் ஏஜெண்டுகளுக்கு மதியம் ஜொல்லாஃப் சோறும் கோழியும் அனுப்பும். நத்தைக் கட்சி வாழ்த்து மட்டும் அனுப்பும். எக்குவா தன் பொட்டலத்தைத் திறந்து கோழித் துண்டை மூடியில் வைத்து எபோ பக்கம் தள்ளுவார். "தின்னு. ஆனா இதுல நங்கூரம் இருக்கு, தொண்டையில மாட்டிக்கும்," என்பார். எபோ முழுவதையும் தின்றுவிட்டு, "நல்லாத்தான் எறங்குது. ஆட்சியும் இப்படி எறங்கினா நல்லது," என்பார். கோகோவின் ஏஜெண்டு ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள். பெரும்பாலும் பத்து மணிக்குள் தூங்கிவிடுவார்.

எபோ அந்த நாற்காலியை எவ்வளவு விரும்புகிறார் என்பது அராபாவைக் கேட்டால் தெரியும். "எங்க கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு சீக்கிரம் குளிச்சதில்ல, டீச்சர்," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அராபா நங்கூரம். அதை ஒளிப்பதும் இல்லை. "நான் கட்டிக்கிட்டது உன்னைத்தான், உன் நத்தையை இல்ல," என்று கணவர் முகத்துக்கு நேராகவே சொல்லுவார். எபோ அதை மதிக்கிறார். வீட்டில் ஒரு எதிர்க்கட்சி இருந்தால்தான் சோறு ஒழுங்காக வேகும் என்பது அவர் கட்சி.

போன தேர்தலுக்கு முன்னால்தான் நத்தைக் கட்சிக்குள் சண்டை வந்தது. பாதிப் பேர் கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு கோகோவில் சேர்ந்தார்கள். எங்கள் ஊரில் இருந்த மூன்று ஓட்டில் எபோவுடையது போக மற்ற இரண்டும் போய்விட்டன என்று பேச்சு. நவம்பரில் ஒருநாள் நத்தைக் கட்சியின் வட்டாரத் தலைவர் காரில் வந்து பாதாம் மரத்தடியில் இறங்கினார். நான் என் சைக்கிளுக்குக் காற்று அடிக்க நின்றிருந்தேன், எல்லாவற்றையும் கேட்டேன். "பென்ட்சில், இந்தத் தடவை கட்சி கணக்குப் பாக்கப் போகுது. ஒரு பூத்துல பூஜ்யம் விழுந்தா என்ன அர்த்தம்? எங்க ஏஜெண்டே எங்களுக்குப் போடலைன்னு அர்த்தம். அந்த மாதிரி ஆளுக்கு அடுத்த தடவை நாற்காலி கிடையாது. கட்சியிலயும் இடம் கிடையாது. எல்லா ஊருக்கும் ஒரே சட்டம்," என்றார்.

எபோ சிரித்தார். "ஐயா, பூஜ்யம் எப்படி வரும்? நான் இருக்கேன்ல. ஒண்ணு வந்துதானே தீரும்," என்றார். சொல்லிவிட்டு அந்தக் காரின் நான்கு சக்கரத்துக்கும் காற்று சரிபார்த்து அனுப்பினார். பின்பக்க இடது சக்கரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இந்தப் பேச்சு ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சந்தையில், சபையில், படகுத்துறையில் எல்லாம் இதே கேள்வி. நத்தைக்கு ஒன்றா, பூஜ்யமா? "அவரே போடமாட்டாரு பாரு, வெக்கப்பட்டு நங்கூரத்துல குத்திருவாரு," என்று சிலர். எபோ எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "ஒண்ணு. எழுதி வெச்சுக்க."

இனி என் பங்கைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் எனக்கு உறக்கம் பிடிக்காது. நான் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தேர்தல் நாளில் எனக்கு ஜனாதிபதிக்கான வாக்குச்சீட்டு கொடுக்கும் வேலை. அடிக்கட்டையிலிருந்து சீட்டைக் கிழித்து, பின்பக்கம் வாக்குச்சாவடியின் முத்திரையைக் குத்தி, மடித்து நீட்ட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு வெறும் காகிதம். வெளியே அச்சடித்துக் கொண்டுவந்து பெட்டியில் திணிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கிழி, குத்து, மடி, நீட்டு. மூன்று தேர்தலாக இதைச் செய்கிறேன், கை தானாக ஓடும்.

அன்று டிசம்பர் வெயில். பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் காற்றின் புழுதி கண்ணிலும் பல்லிலும் நறநறத்தது. நடுப்பகலில் வரிசை மெலிந்தது. அந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் தங்கள் ஓட்டைப் போடுவார்கள். எக்குவா முன்னால் வந்தார், எபோ அவருக்குப் பின்னால். இரண்டு பேரும் என் மேசைக்கு முன் நின்றுகொண்டே ஆரம்பித்துவிட்டார்கள்.

"யோவ், உள்ள போயித் தேடிக்கிட்டு நிக்காதே. உன் ஆளு அடியில இருப்பான். இன்னும் ஊர்ந்து மேல வந்திருக்க மாட்டான்," என்றார் எக்குவா.

"என் ஆளு ஊர்ந்தாவது வரான். உன் நங்கூரம் நாலு வருஷமா போட்ட எடத்துலயே கெடக்கே. கப்பல்ல இருக்கறவன்லாம் பட்டினி," என்றார் எபோ.

"பட்டினியா? இப்பதான் என் கோழியை முழுங்கினது யாரு?"

"அது கோழியா? நான் தேர்தல் அறிக்கைன்னு நெனைச்சேன். கடிக்கக் கடிக்க ஒண்ணுமே இல்ல."

எக்குவாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அடக்க முடியவில்லை, கண்ணில் நீர் வர மேசையில் குனிந்து சிரித்தேன். அதற்கு நடுவில் எபோ, "டீச்சர், அடிக்கட்டை நம்பர் வரிசையா இருக்கான்னு பாத்துக்குங்க," என்று வேறு சொன்னார். பார்த்தேன். வரிசையாக இருந்தது. கிழித்தேன், மடித்தேன், நீட்டினேன். ஒன்று எக்குவாவுக்கு, ஒன்று எபோவுக்கு. நாள் முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கண்களும் அந்த ஒரு நிமிஷம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே எண்ணிவிடலாம் என்று தலைமை அதிகாரி லாம்ப்டி மேசையை முற்றத்துக்கு இழுத்துப் போடச் சொன்னார். அக்ராக்காரர், நல்ல மனிதர், இளவயது, எப்படியாவது பிரச்சினை இல்லாமல் முடிந்தால் போதும் என்று இருந்தார். கயிற்றுக்கு வெளியே ஊரே கூடிவிட்டது. ஒவ்வொரு சீட்டையும் அவர் தலைக்கு மேல் தூக்கி, கட்சியின் பெயரைச் சொல்லுவார். கூட்டம் ஒரே குரலில் எண்ணும். எங்கள் ஊரில் இதற்குத்தான் உண்மையான திருவிழா.

முதல் சீட்டைத் தூக்கிய உடனே எபோ, "பின்னாடி?" என்றார். லாம்ப்டி திருப்பிக் காட்டினார். முத்திரை இருந்தது. இரண்டாவதுக்கும் "பின்னாடி?" மூன்றாவதுக்கும். லாம்ப்டி பெருமூச்சு விட்டார். "ஐயா, எல்லாத்துக்குமா?" "எல்லாத்துக்கும்தான். முன்னாடி கட்சி இருக்கு, பின்னாடிதானே நாடு இருக்கு," என்றார் எபோ. ஐம்பது சீட்டு போனபோது கூட்டமே அவரோடு சேர்ந்து "பின்னாடி?" என்று கத்த ஆரம்பித்தது.

நூற்றுப் பத்தோ பன்னிரண்டோ இருக்கும். நங்கூரத்துக்கு ஒரு ஓட்டு. பின்னாடி என்றார்கள். லாம்ப்டி திருப்பினார். வெள்ளையாக இருந்தது.

எக்குவா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "குத்த மறந்திருப்பாங்க. அதுக்கு ஓட்டுப் போட்டவங்க என்ன பண்ணுவாங்க? எண்ணுங்க சார்."

லாம்ப்டியும் தயங்கினார். "நம்ம பக்கத்துத் தப்பு மாதிரிதான் தெரியுது. மூணு ஏஜெண்டும் சம்மதிச்சா..."

"நான் சம்மதிக்கல," என்றார் எபோ. "முத்திரை இல்லாத சீட்டு செல்லாது. சட்டத்துல இருக்கு. இன்னிக்கு ஒண்ணு பாவம்னு விட்டா, நாளைக்கு எவனோ வீட்டுல அச்சடிச்ச கட்டும் பாவம்னு வந்து நிக்கும். அப்ப யாரு முகத்தைப் பாத்து வேணாம்னு சொல்லுவீங்க?"

"ஒரு ஓட்டுக்கு இவ்வளவு பேச்சா? உனக்கு ஒண்ணுகூட விழாதுன்னு எரிச்சல்."

"எக்குவா, ஒனக்கு எரநூறு விழும், நூறு விழும். அது வேற. இது செல்லாது."

லாம்ப்டி அவர் சொன்னதை ஒப்புக்கொண்டு, சீட்டைச் செல்லாதவற்றோடு வைத்தார். எக்குவா தொப்பென்று உட்கார்ந்தார். "எடுத்துக்கோ போ. கொழம்பு வெச்சுத் தின்னு," என்றார்.

எனக்கு அந்த நேரத்தில்தான் பொறி தட்டியது. நடுப்பகல், சிரிப்பு, அடிக்கட்டை. முத்திரைக் கட்டையை என் கை தொட்ட ஞாபகமே இல்லை. அது எக்குவாவின் சீட்டு என்றால் அடுத்து எபோவுக்குக் கொடுத்ததும் அப்படித்தான். நத்தைக் கட்சியின் பக்கம் பார்த்தேன். மேசையில் அந்த இடம் காலியாக இருந்தது. பெட்டியில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். மூன்று தேர்தல் அனுபவம் உள்ளவள் என்ற பெருமை வாயை அடைத்துவிட்டது. வேறு யாராவது நத்தைக்குப் போட்டிருக்கட்டும், ஒரே ஒருவர் போதும் என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒருவரும் இல்லை. நங்கூரம், கோகோ, கோகோ, நங்கூரம் என்று போய்க்கொண்டே இருந்தது.

பெட்டியில் இருபது சீட்டு இருக்கும்போது லாம்ப்டி ஒன்றைப் பிரித்தார், நின்றார், முகம் மலர்ந்தது. "நத்தை," என்றார்.

அமிசாக்ரோம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நங்கூரக்காரர்கள், கோகோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து "ஒண்ணு" என்று கத்தினார்கள். அராபா கயிற்றுக்கு வெளியே கைதட்டிக்கொண்டு நின்றார். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். லாம்ப்டி சிரித்தபடியே சீட்டை நத்தையின் இடத்தில், முன்பக்கம் மேலே தெரிய, வைத்துவிட்டார். ஒருவரும் "பின்னாடி" என்று கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டிவிட்டார்.

எபோ கத்தவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது, நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. பிறகு எழுந்து நின்றார்.

"பின்னாடி காட்டுங்க, சார்."

கூட்டம் அடங்கியது. லாம்ப்டி அந்தச் சீட்டை எடுத்துத் திருப்பினார். சுத்த வெள்ளை. அதைத் தூக்கிக் காட்ட மனமில்லாமல் மேசையளவிலேயே பிடித்திருந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் எக்குவா, ஒருவரும் கேட்பதற்கு முன்பே. கோகோக்காரரைக் காலால் உதைத்தார். அவரும், "எனக்கும் இல்ல," என்றார். எக்குவாவின் குரல் இறங்கியிருந்தது. "எண்ணுங்க சார். என்னோடதை விட்டாச்சு, பரவால்ல. இதை எண்ணுங்க."

நான் எழுந்தேன். "தப்பு என்னுது. ரெண்டு சீட்டுக்கும் நான்தான் குத்த மறந்தேன். சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டேன்," என்றேன். அத்தனை பேர் முன்னிலையில் அதைச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

எபோ என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "ஆமா டீச்சர், உங்க தப்புதான். அடுத்த தடவை கவனமா இருங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டிரைவர்களிடம் காற்று குறைவு என்று சொல்லும் அதே குரல். பிறகு லாம்ப்டியிடம், "முத்திரை இல்ல. செல்லாது," என்றார்.

"ஐயா, மத்த ரெண்டு பேரும் ஒத்துக்கறாங்க. நீங்க மட்டும் சரின்னா போதும்."

"அவங்களுக்கு நல்ல மனசு. ஆனா ஒரு மணி நேரம் முன்னாடி இந்த வாயாலதான் செல்லாதுன்னேன். அங்க செல்லாதது இங்க எப்படிச் செல்லும்? அந்தப் பக்கம் வைங்க."

லாம்ப்டி வைத்தார். மீதிச் சீட்டுகளை எண்ணியபோது குரல் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் எபோ ஒவ்வொன்றுக்கும் "பின்னாடி?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சீட்டுவரை கேட்டார். நங்கூரம் நூற்று எண்பத்தாறு, கோகோ நூற்று நாற்பத்து மூன்று, சில்லறைக் கட்சிகளுக்கு ஐந்து, செல்லாதவை நான்கு.

முடிவுத் தாளில் எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். லாம்ப்டி நத்தையின் கட்டத்துக்கு வந்ததும் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினார். எபோ விரலை அந்தக் கட்டத்தில் வைத்தார். "கோடு போட்டா நாளைக்கு யாராச்சும் அதை ஒண்ணுன்னு படிச்சிருவாங்க. பூஜ்யம்னு எழுதுங்க. எழுத்துலயும் எழுதுங்க," என்றார். லாம்ப்டி திருத்தி எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். எபோ தன் பெயரை முழுவதுமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்தார்.

எக்குவா அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவந்தார். என் மேசைக்குப் பக்கத்தில்தான். "பைத்தியமா உனக்கு? உன் வட்டாரத் தலைவன் உன்னைத் தூக்கிருவான். நாற்காலி போச்சு. இரு, நானே போயிச் சொல்றேன். அந்தச் சீட்டு இவர் போட்டதுதான்யா, என் கண்ணு முன்னாடி வாங்கிட்டுப் போனாருன்னு சொல்றேன். டீச்சரும் வந்து சொல்லட்டும்."

"என்னன்னு சொல்லுவே?" என்றார் எபோ.

"நீ நத்தைக்குப் போட்டேன்னு."

"நான் யாருக்குப் போட்டேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? சீட்டுல என் பேரு எழுதியிருந்துச்சா?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியக் கூடாது, எக்குவா. தெரிஞ்சாலும் தெரியக் கூடாது. அதுக்குத்தானே திரை கட்டி வெச்சிருக்கான்? நான் போயி இதுக்குத்தான் போட்டேன்னு சொன்னா, நாளைக்கு ஒவ்வொருத்தன் கிட்டயும் நீ எதுக்குப் போட்டேன்னு கேப்பாங்க. அராபா கிட்டயும் கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே."

எக்குவா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப இறுக்கிக் கட்டினார். நான் "மன்னிச்சிருங்க" என்றேன். எபோ, "மன்னிச்சாச்சு, விடுங்க," என்று நகர்ந்துவிட்டார்.

முடிவுத் தாளின் ஒரு நகலை வாக்குச்சாவடிச் சுவரில் ஒட்ட வேண்டும். லாம்ப்டியிடம் இருந்த டேப் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டவில்லை. ஹர்மட்டான் காற்று ஒவ்வொரு முறையும் உரித்துப் போட்டது. கென்கே என்ற அவித்த சோள மாவு உருண்டை விற்கும் பெண் ஒன்றிலிருந்து கொஞ்சம் மாவைப் பிய்த்துக் கொடுத்தார். அதைத் தாளின் நாலு மூலையிலும் தடவி ஒட்டினார்கள். மூன்று மூலை பிடித்துக்கொண்டது. நத்தையின் கட்டம் இருந்த கீழ் மூலை மட்டும் காற்றில் எழுந்து எழுந்து மடங்கியது, அதிலிருந்த எழுத்து யாருக்கும் தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டதும் ஊர் சுவரை நோக்கி வந்தது. எபோ அவர்களுக்கு முன்னால் நடந்துபோய், அந்த மூலையை விரித்து, உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அவர் கைக்குக் கீழே குனிந்து ஒவ்வொருவராக வாசித்துவிட்டுப் போனார்கள். மாவு காயும்வரை அவர் கையை எடுக்கவில்லை.